நந்தினியும் உடையார்குடிக் கல்வெட்டும்

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று சிங்கப்பூரில் தமிழ் பயிலும் மாணவரைக் கேட்டால், அவர்களுள் பலர் முதலில் சொல்லும் பெயர் நந்தினி என்பதாகவே இருக்கும். சற்றே ஊன்றிப் படித்தவர் இரவிதாசன் பெயரையும் சேர்த்துச் சொல்லுவர். இவ்விரு பெயர்களுள் ஒன்று கல்லில் உள்ளது. மற்றொன்று கதையில் மட்டுமே உள்ளது. கல்லில் உள்ள பெயரினும் கதையில் உள்ள பெயரே மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வெளிவந்த பின்னர் இந்த மயக்கம் இன்னும் மிகுந்திருக்கிறது. வரலாறு எது, புனைவு எது என்று வரையறுத்துக் காட்டும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு. அவ்வாறு வரையறுக்கும்போது புனைவைத் தாழ்த்திப் பேசவும் வேண்டுவதில்லை. வரலாறு வாய்மூடி நிற்கும் ஓரிடத்தில் கல்கி எவ்வளவு நுட்பமாகத் தம் கற்பனையைப் பொருத்தினார் என்பது அப்போதுதான் விளங்கும்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. கதை எங்கே தொடங்குகிறது என்பது வாசகர் அனைவரும் அறிந்ததே. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையின்மீது, வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். முதற் பராந்தக சோழன் காலத்துப் பேரேரி அது; இன்று வீராணம் எனப்படுவது. அந்த ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலுக்கு அந்நாளில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். அதன் பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறும் கல்வெட்டு அக்கோயிற் சுவரில்தான் உள்ளது. கொலைஞருடைய நிலங்கள் பறிமுதலான அதே ஊரின் ஏரிக்கரையில் கல்கி தம் கதையைத் தொடங்கினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி, அக்கொலைக்கு முன் நிகழ்ந்தவற்றைக் காண்போம். சோழர்க்கும் பாண்டியர்க்கும் இடையே மூண்ட பகை ஒரு தலைமுறையோடு முடிந்ததன்று. முதற் பராந்தகன் மதுரையைக் கைப்பற்றியபோது பாண்டியன் இராசசிம்மன் ஈழத்துக்கு ஓடினான். தன் குலத்து மணிமுடியையும் பிற அரச சின்னங்களையும் அங்கே அடைக்கலமாக வைத்துவிட்டு, பின்னர்ச் சேரநாடு சென்றான். நாடிழந்த அரசர் வரலாற்றில் பலர் உண்டு. முடியே அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்துகிடக்க, நூறாண்டுக்காலம் அதை மீட்க இயலாது வாழ்ந்த குலம் பாண்டியர் குலம். அம்முடியை ஈழத்திலிருந்து இறுதியில் எடுத்துவந்தவனும் பாண்டியன் அல்லன். இராசேந்திர சோழனே எடுத்தான்.

949-இல் தக்கோலப் போரில் சோழப் பட்டத்திளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே மாண்டான். சோழர் வலி குன்றியது. அந்த இடைவெளியில் தலைதூக்கியவன் வீரபாண்டியன். அவன் ‘சோழன் தலைகொண்ட’ என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டான். அப்பட்டத்துக்கு விடையாகத்தான் சேவூர்ப் போருக்குப் பின்னர் ஆதித்த கரிகாலன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று தன் கல்வெட்டுகளில் பொறிக்கச் செய்தான். தலைகொள்ளுதல் என்பது தலையை வெட்டுதலையே குறிக்குமா, அடிபணிய வைத்தலையும் குறிக்குமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதித்தனைப் பொறுத்தமட்டில் திருவாலங்காட்டுச் செப்பேடு ஐயத்துக்கு அதிக இடம் வைக்கவில்லை. பாண்டியன் தலையை அவன் தன் தலைநகரில் வெற்றித்தூண்போல நாட்டினான் என்று அச்செப்பேடு கூறுகிறது. சிறுவனாயிருந்தபோதே சேவூர்க் களத்தில், மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடுவதுபோல வீரபாண்டியனோடு பொருதான் என்று ஆனைமங்கலச் செப்பேடு அவனைப் புகழ்கிறது. வென்றவர் வீட்டில் எழுதிய புகழுரை இது. அந்தத் தலைக்குரியவனைப் பெற்றவரும் மணந்தவரும் என்ன எண்ணினர் என்பதை எந்தச் செப்பேடும் எழுதி வைக்கவில்லை.

969-ஆம் ஆண்டையொட்டி ஆதித்தன் கொல்லப்பட்டான். தந்தை சுந்தர சோழன் அத்துயரிலிருந்து மீளவில்லை. காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தான். மக்கள் அருண்மொழியை அரசேற வேண்டினர் என்றும், சிறிய தந்தையாகிய உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரை தான் அதனை விரும்புவதில்லை என்று அவன் ஒதுங்கினான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985-இல்தான் அருண்மொழி, இராசராசன் என்னும் பெயரோடு முடி சூடினான். உடையார்குடிக் கல்வெட்டு அவனது இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது.

இக்கல்வெட்டைக் கொலை வழக்கின் தீர்ப்பு என்று நினைப்பவர் உளர். அது தீர்ப்பன்று, நிலத்தைப் பற்றிய ஆவணம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணை அதில் இடம்பெறுகிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் என மூவர் பெயர் வருகிறது: சோமன், அவன் தம்பி இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன். மலையனூரைச் சேர்ந்த இரேவதாசக் கிரமவித்தன் பெயரும் உண்டு. இவர்களுடைய உடைமை மட்டுமன்று; இவர்கள் மக்கள், மனைவியர், பெற்ற தாய், சிற்றப்பன் பெரியப்பன்மார், மாமன்மார், இவர்களோடு பிறந்த பெண்களை மணந்தவர், இவர்கள் பெண்மக்களை மணந்தவர் ஆகிய அத்தனை பேருடைய உடைமையும் அரசனுக்குரியவாயின. மரணதண்டனை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குற்றவாளிகள் அந்தணர்; அவர்களைக் கொல்லலாகாது என்பது அந்நாளைய தரும நூல்களின் விதி. ஆகவே உயிர் தப்பிற்று, நிலம் போயிற்று, உறவு முழுதும் வேரோடு பெயர்ந்தது. பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என எல்லாவற்றையும் தேடிப் பிடித்த அவ்வாணையை வாசிப்பவர்க்கு, கதையில் வரும் எந்தச் சூழ்ச்சியும் மென்மையாகவே தோன்றும்.

கல்வெட்டு சொல்லாதது ஒன்றுண்டு, அதுவே முதன்மையானது. ஏன் கொன்றார்கள்? அதற்கு அங்கே விடையில்லை. கிடைப்பன இரண்டு பட்டப்பெயர்களே. பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகட்கு அரசன் அளிக்கும் உயர்ந்த விருது. ஆகவே கொலைஞர் வழிப்பறிக்காரர் அல்லர். அரசியல் அலுவலில் மேல்நிலையில் இருந்தவர். பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். எனவே இரவிதாசன் பாண்டியன்பால் விருது பெற்றவன், தன் தலைவனுக்காகப் பழிவாங்கினான் என்று கொள்ளும் வழி திறக்கிறது. கல்கி நுழைந்த வாயில் இதுதான். ஆயினும் இச்சான்று தனித்து நிற்கும் வலிமையுடையதன்று. பாண்டிய நாட்டை வென்ற சோழரும் அப்பெயரை எடுத்தாண்டனர். இராசராசன் தேவியருள் ஒருத்தி பஞ்சவன் மாதேவி. இராசேந்திரன் இளவரசனாயிருந்தபோது பஞ்சவன் மாராயன் என்னும் விருது பெற்றவன். தம்பியின் பட்டமோ வெளிப்படையாகச் சோழன் பெயரைத் தாங்கியது. ஒரே வீட்டில் ஒருவன் பஞ்சவன் பெயராலும் மற்றொருவன் சோழன் பெயராலும் விளங்கியிருக்கின்றனர். இவ்வீட்டார் யாருக்கு உண்மையாக இருந்தனர் என்பதைப் பெயரைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது.

நோக்கம் தெரியாதபோது ஐயம் பலன் பெற்றவனை நாடுவது இயல்பு. ஆதித்தன் மறைவால் அரியணை பெற்றவன் உத்தம சோழன். கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்தன. உத்தமன் ஆட்சியில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று கருதிய பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் அவன்மீது ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். பண்டாரத்தார் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகிறது. உத்தமன் கொலைக்கு உடந்தை என்றால், அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்பதவியில் வைத்திருப்பானா? உத்தமனைப் பெற்ற செம்பியன் மாதேவி இராசராசன் ஆட்சியிலும் போற்றுதலோடு வாழ்ந்தவர். பெண் கொடுத்த மாமனையும் விடாத ஆணையை இட்ட அரசன், கொலைக்குத் தூண்டியவன் மகனை மடியில் வைத்துக்கொண்டான் என்பது பொருந்தவில்லை. மேலும், கல்வெட்டு நிலக்கணக்கை முடித்த ஆண்டைத்தான் காட்டுகிறது. விசாரணை என்று தொடங்கியது, குற்றவாளிகள் என்று பிடிபட்டனர் என்பவற்றுக்கு அதைச் சான்றாக்குதல் கூடாது. நிலம் பறிமுதலாகி, அளந்து, விலைபேசி, கைமாறுவதற்கு ஆண்டுகள் செல்லும் என்பது நிலவழக்கு அறிந்த எவர்க்கும் தெரிந்ததே.

கல்கி இந்த அறிஞர்களின் நூல்களைக் கற்றவர். உத்தமன்மீது பழி சுமத்துவது அவருக்கு எளிது. கதைக்கும் சுவை கூடியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சிற்றரசர்கள் மதுராந்தகனுக்கு முடிசூட்டச் செய்யும் சதி ஒன்று, பாண்டியன் ஆட்கள் சோழக் குலத்தைப் பூண்டோடு அழிக்கச் செய்யும் சதி ஒன்று என இரண்டாகப் பிரித்தார். முன்னதில் உள்ளவர்க்குப் பின்னது தெரியாது. இரண்டையும் அறிந்து, ஒன்றை மற்றொன்றுக்கு ஏணியாக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாகவே நந்தினி பிறந்தாள்.

அவளுக்குக் கல்கி கொடுத்த காரணம் துயரம். வைகைக் கரையில் ஒரு குடிசையில் காயமுற்றுக் கிடக்கும் வீரபாண்டியனுக்காக அவள் ஆதித்தனிடம் கெஞ்சுகிறாள். அவன் அவள் கண்முன்னே பாண்டியன் தலையை வெட்டுகிறான். செப்பேடு பெருமையாகப் பாடிய அதே செயலைக் கல்கி குடிசைக்குள்ளிருந்து பார்க்கச் செய்தார். வெற்றித்தூணில் நின்ற தலையை ஒரு பெண்ணின் மடிப்பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். நாவல் முழுவதற்கும் அச்சாணி இவ்விடமே எனலாம்.

துயரம் மட்டுமே ஒருவரை அரசியலில் வல்லவராக்கிவிடாது. நந்தினி பாண்டியன் வாளைப் பெட்டியில் வைத்துப் போற்றுகிறாள். அதே சமயம் சோழநாட்டு நிருவாகம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் கூர்ந்து கற்றுக்கொள்கிறாள். அறுபத்துநான்கு விழுப்புண் பட்ட பெரிய பழுவேட்டரையரை அவள் மணப்பது அதன் விளைவு. அவர் தனாதிகாரி, தஞ்சைக் கோட்டையின் காவலோ அவர் தம்பி கையில். பொக்கிசமும் கோட்டை வாயிலும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன என்பதைக் கண்டுகொண்டவள் நந்தினி. பனை இலச்சினை பொறித்த மோதிரம் அவள் விரலுக்கு வந்ததும் கோட்டைக் கதவு அவள் சொல்லுக்குத் திறக்கிறது. சோழர் பொன்னே சோழரைக் கொல்லும் சதிக்குச் செலவாகிறது. இரவிதாசன் மந்திரவாதி வேடத்தில் அரண்மனைக்குள் நடமாடுகிறான். அவளுடைய மூடுபல்லக்கில் மதுராந்தகன் மறைந்து ஊர் ஊராகச் செல்கிறான். மக்கள் அதைக் கிழவரின் பெண்மோகம் என்று நகைக்கிறார்கள். கிழவரோ அரசியல் காரியம் என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். உண்மையில் அது யார் காரியம் என்பதை அவள் ஒருத்தியே அறிவாள்.

அவளுடைய ஈவிரக்கமின்மை எங்கே உச்சம் பெறுகிறதென்றால், பகைவரைக் கையாள்வதில் அன்று. தன்மேல் அன்பு கொண்டவரைக் கையாள்வதில்தான். கந்தமாறன், பார்த்திபேந்திரன், பழுவேட்டரையர் ஆகிய மூவரும் அவளுக்குத் தீங்கு நினையாதவர்கள். மூவர் மானமும் அவள் சபதத்துக்கு எரிபொருளாகின்றன. ஆதித்தனையும் அவள் படை அனுப்பிப் பிடிக்கவில்லை. கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகைக்கு விருந்தாக அழைக்கிறாள். அவனுள் உறுத்திக்கொண்டிருக்கும் குற்ற உணர்வே அவனை அங்கே இழுத்துவரும் என்பது அவள் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. கடைசி வேளையில் அவளே தயங்குகிறாள். கொன்ற கை எது என்பதைக் கல்கி இருளிலேயே விட்டுவிட்டார். வரலாறு நோக்கத்தைச் சொல்லாமல் கொலைஞர் பெயரைச் சொன்னது. கல்கி நோக்கத்தைச் சொல்லிக் கொலைஞனை மறைத்தார்.

தமிழாசிரியர் நந்தினியைக் கண்ணகியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மாணவர்க்குப் பயன் மிகும். இருவரும் அன்புடையவனை அரசன் கையால் இழந்தவர்கள். கண்ணகிக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது; வாயிலோன் அவளை உள்ளே விட்டான்; வழக்கைக் கேட்ட பாண்டியன் தன் பிழையுணர்ந்து உயிர் விட்டான். சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் அவை இருந்தமையால் அவளுக்குச் சூழ்ச்சி வேண்டியிருக்கவில்லை. தோற்ற நாட்டின் பெண்ணுக்கு வென்றவன் அவையில் வழக்கில்லை. முறையிட இடமில்லாத துயரம் இலச்சினை மோதிரத்தையும் இரகசியப் பாதையையும் தேடிப் போகிறது.

பிறமொழிகளிலும் இவளுக்கு உடன்பிறந்தார் உண்டு. 1200-ஐ ஒட்டி எழுந்த செருமானியக் காவியமாகிய நிபெலுங்கர் கதையில், கணவன் சீக்ஃப்ரீடை இழந்த கிரீம்ஹில்ட் ஆண்டுகள் பல காத்திருந்து, வலிமை மிக்க ஊணர் மன்னனை மணந்து, கொலைக்குக் காரணமான தன் உறவினரை விருந்துக்கு அழைத்து அம்மண்டபத்திலேயே அழிக்கிறாள். கல்கி அதிலிருந்து எடுத்தார் என்பதற்கில்லை. பழிக்கு விருந்து வீடாவது மனித இயல்பிலேயே உள்ளது போலும். விசாகதத்தரின் முத்திராராட்சசம் என்னும் வடமொழி நாடகம் இன்னும் அருகில் வருகிறது. நந்தர் குலம் அழிந்த பின்னரும் அமைச்சன் இராட்சசன் இறந்த அரசருக்காகவே சதி செய்துகொண்டிருக்கிறான். அங்கும் ஒரு முத்திரை மோதிரமே கதையின் முடிச்சு. ஆனால் அங்கே எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் சாணக்கியன். இறந்தவனுக்கு இத்துணை உண்மையாயிருப்பவனே இருப்பவனுக்கு நல்ல அமைச்சனாவான் என்று கண்டு, இராட்சசனைக் கொல்லாமல் வளைத்துச் சந்திரகுப்தனுக்கு அமைச்சனாக்குகிறான். இரவிதாசனுக்கோ அவன் உடன்பிறந்தார்க்கோ அப்படியொரு சாணக்கியன் வாய்க்கவில்லை.

இறந்த தலைவனுக்காக உயிரை வைத்து நிற்பது அக்காலத்தில் தனிமனிதர் உணர்ச்சியாக மட்டும் இருந்ததன்று. ஓர் அமைப்பாகவும் இருந்தது. சோழர்க்கு வேளைக்காரப் படையினர் இருந்தனர். குறித்த வேளையில் தலைவனுக்காக உயிர்விடுவதாக உறுதி பூண்டவர். பாண்டியன்பால் அவ்வாறு நின்றோர் ஆபத்துதவிகள் எனப்பட்டனர். கல்கி தம் சதிகாரர்க்கு இட்ட பெயர் அதுவே. பத்தாம் நூற்றாண்டு அரபு நூலாசிரியர் அபூ சைது, முடிசூட்டு நாளில் அரசன் கையால் சோறுண்டவர்கள் அவன் இறக்கும்போது தாமும் தீயில் புகும் வழக்கம் இந்திய நாட்டில் உண்டென்று எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும் அத்தகைய வழக்கையே குறித்துள்ளார். ஒருபிடிச் சோற்றுக்கு உயிர்க்கடன் பட்டவர் அவர்கள். வீரபாண்டியன் இறந்தபின் அவனுடைய ஆட்கள் தீயில் இறங்காமல் உயிரோடிருந்து பழி முடிக்கத் துணிந்தனர் என்று கல்கி அமைத்தது அக்கால வழக்கோடு முழுதும் பொருந்துகிறது. அவர்கள் நள்ளிரவில் கூடும் இடமாகத் திருப்புறம்பியத்துப் பள்ளிப்படையை அவர் தேர்ந்ததும் காரணத்தோடுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் தோற்று, சோழர் ஏற்றம் தொடங்கிய களம் அது. தோற்ற இடத்துக்கே திரும்பிவந்து, ஒரு சிறுவனைப் பாண்டியனாக முடிசூட்டி, அவர்கள் சபதம் செய்கிறார்கள்.

கல்வெட்டில் வரும் துரோகி என்னும் சொல்லை இங்கே மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். சோழன் கல்லில் சோழனைக் கொன்றவர் துரோகியாகத்தான் இருப்பர். மதுரையில் ஒரு கல் நாட்டப்பட்டிருக்குமாயின் அதில் அவர்களுக்கு என்ன பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்? சிங்கப்பூர்த் தமிழர்க்கு இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் திடலில், சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாளான 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்கள் நிறுத்தப்பட்டனர். பிரிட்டிஷ் மன்னர் பெயரால் உறுதிமொழி எடுத்தவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களைச் சப்பானியரிடம் ஒப்படைத்தார். சப்பானியர் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தனர். அன்று மாலைக்குள் ஒவ்வொருவனும் தான் யாருக்கு உண்மையானவன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பலர் பழைய உறுதிமொழியைக் காத்துச் சிறையில் துன்புற்றனர். 1943-இல் சுபாசு சந்திர போசு வந்தபின் தோட்டப்புறத் தமிழரும், ஆடவரும் பெண்டிருமாக, அப்படையில் சேர்ந்தனர். 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாசு கான், சகல், தில்லான் ஆகிய மூவர்மீது மன்னருக்கெதிராகப் போர் தொடுத்த குற்றம் சாட்டப்பட்டது. ஆயுள்தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் இந்திய மக்கள் அவர்களை வீரர் என்று போற்றி எழுந்தமையால் 1946 சனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கடற்கரையில் போசு அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பிவந்த பிரிட்டிஷார் 1945 செப்டம்பரில் தகர்த்தனர். அதே இடத்தில் 1995-இல் அடையாளக் கல் வைக்கப்பட்டது. ஐம்பதாண்டுக்குள் ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. இரவிதாசன் செயலுக்கு ஆயிரம் ஆண்டுகளாக ஒரே பெயர்தான். அவன் பக்கத்துக் கல் எதுவும் கிடைக்காமையே அதற்குக் காரணமாதல் கூடும்.

இவ்வொப்புமையை எல்லைக்கு மேல் இழுத்தல் ஆகாது. களத்தில் படைதிரட்டி நிற்பதும் மறைவில் இளவரசனைக் குத்துவதும் ஒன்றல்ல. கல்வெட்டுச் சகோதரர்கள் உண்மையில் பாண்டியனுக்காகத்தான் கொன்றனர் என்பதற்கும் உறுதி இல்லை. பதவிப் போட்டியோ சொந்தப் பகையோ காரணமாக இருந்திருக்கலாம். கல்கி அவர்களுக்கு விசுவாசம் என்னும் காரணத்தை ஈந்தது வரலாற்றாசிரியர் செயலன்று, கலைஞரின் தாராளம்.

அக்கொலையின் பின்விளைவு இத்தீவு வரை எட்டியது என்று சொன்னால் மிகையாகாது. மூத்தவன் மாண்டதால் இளையவன் அரசுக்கு வந்தான். அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தையும் சீர்விசயத்தையும் நோக்கிக் கப்பற்படை செலுத்தினான். சோழர் வந்த நினைவின் நிழல் மலாய் வரலாற்றுக் கதைத்தொகுதியாகிய செசாரா மெலாயுவில் விழுந்திருக்கிறது. சீனத்தை வெல்லப் புறப்பட்ட இந்திய அரசன் ஒருவன் துமாசிக் வரை வந்தான் என்றும், துருப்பிடித்த ஊசிகளும் பழமரங்களும் பல்லில்லாக் கிழவர்களும் நிறைந்த கப்பலைச் சீனர் அனுப்பி, ‘இளமையில் புறப்பட்டோம், இப்போதுதான் வந்தோம்’ என்பதாக அவனை நம்பவைத்துத் திருப்பிவிட்டனர் என்றும் அந்நூல் கூறும். அரசன் பெயர் ஏட்டுக்கு ஏடு சூலன், சூரன் என மாறும். சோழன் என்பதன் திரிபு அது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். கத்தியால் வென்றவனைக் கதையால் திருப்பியனுப்பிய அந்தச் சீனரின் அரசியலை நந்தினி மெச்சியிருப்பாள்.

வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், கல்வெட்டின் செய்தியையும் நாவலின் கடம்பூர் மாளிகைப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவரை வாசிக்கச் சொல்லலாம். ஒன்றில் பெயர்களும் உறவுமுறைகளும் நிலமும் இருக்கும். மற்றொன்றில் கண்ணீரும் வாளும் இருக்கும். தாயும் மனைவியும் மகளும் கல்வெட்டில் வருகிறார்கள். எவர்க்கும் பெயர் இல்லை. சதியில் பங்கு இருந்ததோ இல்லையோ, வீடிழந்தவர்கள் அவர்கள். நந்தினிக்கு வரலாற்றில் இடம் உண்டா என்று கேட்கும் மாணவனுக்கு அந்தப் பெயரில்லாப் பெண்களின் வரியைக் காட்டுதல் தகும்.

பறிமுதலான நிலத்தைச் சபையார் விற்றனர். வியாழகசமல்லன் என்பவன் அதனை விலைக்கு வாங்கி, அந்தணர்க்கு அன்னமிடும் அறத்துக்காகக் கோயிலில் எழுதி வைத்தான். ஏட்டில் அன்று, கருங்கல்லில். அந்த அறக்கட்டளையைக் காப்பதற்காக, நிலம் எவ்வாறு வந்தது என்னும் விவரத்தையும் உடன் பொறித்தார்கள். சோழ இளவரசனைக் கொன்றவர்களின் பெயர் உலகுக்குக் கிடைத்தது இந்தச் சோற்றுக்கணக்கின் புண்ணியத்தால்தான்.